கம்பெனி பஸ்ஸும் என் கடலைக் கொல்லையும்

எங்கள் ஊரில் கொல்லை வேலைக்கு ஆள் கிடைக்காததற்கு யார் காரணம் என்று கேட்டால் நான் விரலை நீட்டிக் காட்டிவிடுவேன். தினமும் காலையில் என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவர்தான் அவர். என் வீட்டுக்காரர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறார். பள்ளிகொண்டாவைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாய்ந்தபின் கொண்டுவந்து இறக்கிவிடுவார். எங்கள் தெருமுனையில் அவர் ஹாரன் அடித்தால், களை எடுக்கத் தெரிந்த அத்தனை பேரும் டிபன் டப்பாவோடு ஏறிவிடுவார்கள். மிச்சம் இருப்பது கிழவிகளும் நானும்.

குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. அந்த பஸ் சம்பளத்தில்தான் என் அப்பா கொடுத்த ஒன்றரை ஏக்கரில் விதை விழுகிறது. ஆளைக் கடத்திக்கொண்டு போவதற்கு அவருக்குக் கிடைக்கும் கூலியில், ஆளில்லாத கொல்லைக்கு நான் உரம் வாங்குகிறேன். எங்கள் பக்கம் தொழில் வளர்கிறது, விவசாயம் தேய்கிறது என்று டிவியில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பாயில் படுத்துத் தூங்குகின்றன.

போன ஐப்பசியில் கடலை முற்றி நின்றது. பிடுங்காமல் விட்டு, மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே காய் முளைத்துவிடும். அப்புறம் காசுக்கு ஆகாது. வீடுவீடாகப் போய் ஆள் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு காலத்தில் எனக்குக் களை எடுத்தவள். இப்போது கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, உன் கொல்லையில பி.எஃப். புடிப்பியா? இ.எஸ்.ஐ. இருக்குதா?"

"டீயும் போண்டாவும் இருக்குது," என்றேன்.

"அது எங்க கேன்டீன்லயே குடுக்கறாங்க."

அந்த வாரம் பார்த்துக் கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் வரியை ஏற்றிவிட்டார்களாம். ஷூ வாங்குகிறவர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். சொல்லி அனுப்பும்வரை யாரும் வரவேண்டாம் என்றது கம்பெனி. வீட்டுக்காரர் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நடுப்பகலில் வந்து உட்கார்ந்தார். தெருவே இழவு வீடு மாதிரி இருந்தது. எனக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். நான் பிடுங்க வேண்டியது கடலை, அவ்வளவுதான்.

சாயங்காலமே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூலி கொடுக்க வேண்டிய சம்பளமும் பஸ்ஸோடு சேர்ந்து நின்றுவிட்டது. காசு இருந்தபோது ஆள் இல்லை. ஆள் வந்தபோது காசு இல்லை.

"இன்னா அண்ணி முழிக்கிற? காயாவே குடு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பறித்த காயில் ஒரு பங்கு கூலி என்பது பழைய வழக்கம். கம்பெனிக்குப் போயும் அவர்கள் அதை மறக்கவில்லை.

மறுநாள் கொல்லையில் இறங்கியவர்கள் நான் பார்த்த பழைய ஆட்கள் அல்ல. தாங்களாகவே இரண்டு லைனாகப் பிரிந்துகொண்டார்கள். ஒரு லைன் செடியைப் பிடுங்கியது, இன்னொன்று காயை ஆய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் சூப்பர்வைசர். பருப்பில்லாத பொக்குக் காய்களை "ரிஜெக்ட்" என்று தனியே எறிந்தாள். பத்து மணிக்கு யாரும் சொல்லாமலே எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள், டீ பிரேக்காம். நான் போண்டாவோடு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கேன்டீன் சரியில்லை என்று புகார் வேறு. என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டி மூட்டை தூக்கினார். "டிரைவர் அண்ணா, ரிவர்ஸ்ல பாத்து வாங்க," என்று அவரை ஓட்டினார்கள்.

இருட்டுவதற்குள் பாதிக் கொல்லை முடிந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு வேகத்தைக் கண்டதே இல்லை. இன்னும் ஒரு நாள் கம்பெனி மூடியே கிடக்கட்டும் என்று பள்ளிகொண்டா ரங்கநாதரை வேண்டிக்கொண்டேன். படுத்திருக்கிற சாமி, காதில் விழவில்லை போலிருக்கிறது. அடுத்த நிமிஷமே வீட்டுக்காரரின் போன் அடித்தது. வேறொரு நாட்டிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது, காலையில் பஸ் வேண்டும் என்றார்கள்.

பெண்கள் கைதட்டினார்கள். கிழக்கே மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாங்கடி," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரியின் முகம் சுண்டிப்போனது. "மொத நாளே போலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க அண்ணி. எம்பொண்ணு நர்சிங் படிக்குது."

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "காலைல பஸ்ஸு ஸ்டார்ட் ஆவலன்னு சொல்லுங்களேன். ஒரே ஒரு நாள்."

தோளில் ஒட்டியிருந்த கொல்லை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இத்தன பேரு சோறு அது," என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் ஜாஸ்தியாக வந்தது.

காலையில் ஹாரன் கேட்டது. பஸ் போனது. மதியமே மழை பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் விடாமல் கொட்டியது. மீதிக் கொல்லையில் கடலை மண்ணைக் கிழித்துக்கொண்டு பச்சைப் பசேலென்று முளைத்தது. தெரியாதவர்கள் பார்த்தால் புதிதாக விதைத்திருக்கிறேன் என்று மெச்சுவார்கள். நான் வரப்பில் நின்று அழுதேன்.

சம்பளம் வந்த அன்று அவர் விதைக்கடலை மூட்டையோடு வந்தார். அடுத்த பட்டத்துக்காம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திருப்பிக் குடுத்துட்டு வாங்க. நானும் பஸ் ஏறிடறேன். கம்பெனியில எனக்கு ஒரு வேலை கேளுங்க."

அவர் மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார். "கேட்டுட்டேன்," என்றார்.

"எப்ப?"

"போன வருஷமே. உன் வயசுக்கு எடுக்க மாட்டாங்களாம்."

அதைச் சொல்லாமலே இத்தனை நாளும் விதையும் உரமும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் கொல்லையை நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்.