கையைப் பிடித்துச் சுழற்றும் பாட்டு

குனோங் ராபாட்டில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஓர் அயர்லாந்து அம்மாள் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நாங்கள் சிலர் அவர் வீட்டில் கூடி, அவருடைய நாட்டுக் கதைகளைப் படிப்போம். பிறகு பாட்டு. வாத்தியம் கிடையாது. பாடி முடித்தவர் அடுத்து யாரைச் சொல்கிறாரோ அவர் மறுக்காமல் பாட வேண்டும்.

அவர் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டாம். பாட்டு மனதைத் தொட்டுவிட்டால், கேட்பவர் எழுந்துபோய்ப் பாடுபவரின் கையைப் பிடித்து, பாட்டு முடியும்வரை மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பாராம். இங்கே அவர் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. முதலில் பிடிப்பது என் கையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகவே ஓர் ஐரிஷ் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி, மூச்சுவிடும் இடங்களில் சிவப்புக் கோடு போட்டு, மாதக்கணக்கில் பழகினேன்.

சென்ற கூட்டத்தன்று செமோரிலிருந்து என் கொழுந்தனின் மனைவி வந்திருந்தாள். அவளையும் அழைத்துப்போனேன். புது விருந்தாளி என்று அந்த அம்மாள் அவளையே முதலில் பாடச் சொன்னார்.

"ஐயோ, எனக்கு இங்கிலீஷ் பாட்டு வராதேக்கா."

"தமிழ்லயே பாடு. சின்னதா ஏதாவது."

பாகான் டத்தோவில் அவள் அம்மா தேங்காய் உரித்துக்கொண்டே பாடிய பாட்டைப் பாடினாள். சுருதி சேரவில்லை. நடுவில் வரி மறந்து, வெறுமனே முனகினாள். அந்த அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்துபோனார். அவள் கையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது.

முடித்ததும் அவள் என்னைக் காட்டினாள். "அடுத்து அக்காதான். எந்நேரமும் குசினில சமைக்கிறப்ப இதே பாட்டுத்தான் லா! மாமாவுக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பாடினேன். ஒரு மூச்சும் தவறவில்லை. அந்த அம்மாள் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தலையசைத்துக் கேட்டார். பாதியில் என் கையை ஒரு கை பிடித்தது. அவளுடையது. தேங்காய் திருகுவதுபோல வேகவேகமாகச் சுற்றினாள். பாட்டு நடக்கும்போது கையை உதறக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு பாடவும் முடியாது.

"உங்கள் உச்சரிப்பு மிகச் சுத்தம்," என்றார் அந்த அம்மாள்.

செமோருக்குக் காரில் கொண்டுபோய் விடும்போது அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அவுங்க கை சில்லுன்னு இருந்துச்சுக்கா. எங்கம்மா கை மாதிரியே சொரசொரப்பு. ஒங்க கை ஏன் அப்படி வேர்த்துச்சு?"

நான் கியரை மாற்றினேன்.

"அடுத்த மாசமும் வரட்டுமா?"

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பார்க்கலாம்," என்றேன்.