ஆள் ஏறாத வண்டி

லைமா நகரத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் வெர்லின் ஸ்டாஃபரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு நட்டு முடுக்கிய மனுஷன். ஓய்வு பெற்றவர் மீன் பிடிக்கப் போயிருக்கலாம், சும்மா கிடந்திருக்கலாம். இவர் போய்ப் பழைய சவ வண்டி சேர்க்கிறவர்களின் சங்கத்தில் சேர்ந்தார்.

அதிலும் ஊரே தேடுகிற சவ வண்டி வேண்டாமாம், சர்வீஸ் கார்தான் வேண்டுமாம். சவ ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கல்லறைக்குப் போய், நாற்காலி, கூடாரம், பூ எல்லாம் இறக்கிவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிற வண்டி அது. பக்கத்தில் ஜன்னல் கிடையாது. யாரும் அதைப் படம் பிடித்ததில்லை, காப்பாற்றியும் வைத்ததில்லை. ஓய்ந்ததும் நேரே பழைய இரும்புக்குப் போய்விடும். பதினொரு வருஷம் தேடினார். கடைசியில் இந்தியானா எல்லையில் ஒரு பண்ணைக் கொட்டகையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்து வண்டி ஒன்று கிடைத்தது. உள்ளே கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. தன் வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை இழுத்துவந்தார்.

கோழி எச்சத்தைச் சுரண்டியது அவர் மனைவி வெல்டா. வண்டி யாருடையது என்று துப்புத் துலக்குகிற வேலையையும் அந்தம்மாவே எடுத்துக்கொண்டது. ஈமச்சடங்கு நிலையத்துக்காரர்கள் வண்டியை விற்கும்போது கதவிலிருக்கும் தங்கள் பெயரைச் சுரண்டிவிட்டுத்தான் விற்பார்கள். அதனால் எல்லைக்கு இருபுறமும் இரண்டு மாநிலத்திலும் இருக்கிற பழைய நிலையங்களுக்கெல்லாம், நாற்பத்தொரு பேருக்கு, வெல்டா கடிதம் எழுதியது. முதல் முதலாளி யாரென்று தெரியாத வண்டி, சங்கத்துக்காரர்கள் கண்ணில் அநாதைதான்.

ஜனவரியில், வெல்டாவின் நோய்க்கு இனி வைத்தியமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்று சாயங்காலம் வெல்டா கொட்டகைக்கு வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றது.

"வெர்லின், என்னை இதுல கொண்டுபோயேன்."

"ஏய், இது சர்வீஸ் காருடி. நாற்காலி, கூடாரம், பூ. ஆளு போற வண்டி இல்ல இது. அந்தக் காலத்துல எவனும் அப்படிச் செஞ்சதில்ல."

"யாரு பார்க்கப் போறா?"

"எனக்குத் தெரியுமில்ல? உனக்கு நல்ல வண்டியா, முறையா ஏற்பாடு பண்றேன்."

"சரிப்பா சரி. உன் வண்டி, உன் சட்டம்" என்று சிரித்துவிட்டு வெல்டா உள்ளே போய்விட்டது. பேச்சு அதோடு முடிந்தது.

மார்ச்சில் வெல்டா போனது. புத்தம் புது வண்டியில், எல்லாம் முறையாக நடந்தது. வெர்லின் அழவில்லை. அடக்கிக்கொண்டார் என்றில்லை, வரவில்லை. சர்ச் பெண்கள் கொண்டுவந்து வைத்த கோழி நூடுல்ஸை உப்பா சப்பா என்று தெரியாமல் நின்றபடியே தின்றார். அடியில் பெயர் ஒட்டியிருந்த அந்தப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கினார், திருப்பிக் கொடுக்கவில்லை. வெல்டா பெயருக்கு வந்த தபால்களைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜின் மேல் போட்டுவைத்தார். உடம்பு நடமாடியது, அவ்வளவுதான். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது: வண்டி யாருடையது என்று தெரியவேண்டும். வெல்டா தொடங்கிய வேலை அது. முடித்துவிட்டால் தனக்கு ஏதாவது உறைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அட, அந்த மனுஷனுக்கு ஃப்ரிட்ஜின் மேல் கை எட்டாதா! அவள் தபாலை நான் எப்படிப் பிரிப்பது என்று கடைசிவரை இருந்துவிட்டார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, சங்கத்தின் வண்டிக் கண்காட்சிக்குக் கூட்டிப்போக வெல்டாவின் தம்பி டுவைட் வந்தான்.

"மச்சான், என் பொண்டாட்டி பாத்திரத்தை இந்த வருஷத்துக்குள்ளயாவது தருவீங்களா? இல்ல, அதையும் சங்கத்துல காட்டப் போறீங்களா?" என்று ஃப்ரிட்ஜின் மேல் துழாவினான். தபால்தான் கையில் வந்தது. "இதென்ன, நாலு நாள் முன்னாடி வந்திருக்கு. ஃபெங்கல் ஈமச்சடங்கு நிலையம்னு போட்டிருக்கு."

வெர்லின் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ படி. நீ அவ தம்பி. நீ படிக்கலாம்."

டுவைட் பிரித்தான். வண்டியின் படம் ஒன்று விழுந்தது. கதவில் ஃபெங்கல் என்று தங்க எழுத்து. வெர்லின் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் உறைக்கவில்லை. டுவைட் உரக்கப் படித்தான்:

"'அம்மா, உங்கள் கடிதம் பிப்ரவரியிலேயே வந்தது. எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததால் தாமதம், மன்னிக்கவும். வண்டி எங்களுடையதுதான். என் அப்பா வாங்கியது. நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கு வருகிறேன். அந்த வண்டியில் ஆள் யாராவது போனதுண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. வசதியில்லாதவர்களை அப்பா அதில்தான் இலவசமாகக் கொண்டுபோவார். என் அம்மாவும் அதில்தான் போனார். இருபது வருஷம் அந்த நாற்காலிகளைத் துடைத்தவர், பழகின வண்டியிலேயே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். போக விரும்புகிறவரின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் என்று...'"

டுவைட் நிறுத்திவிட்டான். அக்கா உயரம் தம்பிக்குத் தெரியாதா?

"படி" என்றார் வெர்லின்.

"மச்சான், வேணாம்."

"படிடா."

"'...எழுதியிருந்தீர்கள். என் அம்மா அதைவிட இரண்டு அங்குலம் உயரம். இடம் தாராளமாக இருந்தது.'"

வெர்லின் எழுந்து கொட்டகைக்குப் போனார். டுவைட் பின்னாலேயே ஓடினான். பின்கதவைத் திறந்து, கண்காட்சிக்காக உள்ளே அடுக்கியிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, அந்த அறுபத்தாறு வயது மனுஷன் உள்ளே ஏறி மல்லாக்கப் படுத்தார். அவர் ஆறடி. அவர் காலுக்குக் கீழேகூட இடம் மிச்சமிருந்தது.

"ஆகாதுன்னு சொல்லிட்டேன்டா டுவைட். ஆகும்டா. அவ கேட்டா, நான் ஆகாதுன்னு சொல்லிட்டேன்" என்று சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ஏழு மாசம் வராத அழுகை, மனுஷனைப் போட்டு உலுக்கி எடுத்துவிட்டது.

டுவைட் கதவருகே ஒரு நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தான். கண்காட்சிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கடிதத்தில் இன்னும் ஒரு வரி பாக்கியிருந்தது. அதை அவன் வாய்விட்டுப் படிக்கவில்லை.

'அதில் போக விரும்புகிறவர் யாரானாலும், கவலைப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.'