கோப்பி தானாக வந்த போர்க்களம்

பகலில் நீக்கிலாஸ் பார்க்டேலில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினார். மாலையில் வளர்ந்தோர் பள்ளியில் வரலாறு படித்தார். இரண்டிலும் பிறர் மிச்சம் வைத்ததைத்தான் சுரண்டவேண்டியிருந்தது.

1995ஆம் ஆண்டு மாசி மாதம். மன்னாரில் வாங்கிய சான்றிதழ்கள் வீட்டோடு எரிந்துபோனதால், புலம்பெயர்ந்து வந்த நாட்டில் நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பன்னிரண்டாம் வகுப்பு. வரலாறு ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர் வேலை, தேறாவிட்டால் தட்டுத்தான்.

கடைசிக் கட்டுரைக்கு ஆசிரியை கொடுத்தது ஒரு கப்டனின் போர் நினைவுகள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம், அதாவது அடிமை முறையைக் காப்பாற்றும் பக்கம், நின்று சண்டைபிடித்தவர். பிறந்த வீடும் வளர்ந்த சூழலும் அவர் எழுத்தை எப்படி உருவாக்கின என்று சொல்லவேண்டும்.

மற்றவர்கள் கப்டனின் வீரம், பக்தி, அப்பாவின் பருத்தித் தோட்டம் என்று எழுதிக் கரையேறிவிட்டார்கள். நீக்கிலாஸ் பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டார். 'கோப்பி வந்தது' என்றிருந்தது. இருபத்தெட்டாம் பக்கத்தில் இரவுச் சாப்பாடு வந்தது. கப்டனின் குதிரைக்குப் பெயர் இருந்தது. குதிரையின் தாய்க்கும் பெயர் இருந்தது. குதிரைக்குச் சளி பிடித்த கதை மட்டும் அரைப்பக்கம். கோப்பி போட்டவருக்குத்தான் பெயரில்லை.

சமைக்கிறவனைக் கண்ணால் காணத் தேவையில்லாத வீட்டில் வளர்ந்தவர் இப்படித்தான் எழுதுவார் என்று நீக்கிலாஸ் எழுதிக் கொடுத்தார். ஆசிரியை திருப்பித் தந்தார்: எழுதாததை வைத்து முடிவு கட்டக்கூடாது, புத்தகத்திலேயே ஆதாரம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

வீட்டில் மனைவி வேரோனிக்காவிடம் பொரிந்து தள்ளினார். "முப்பத்தொரு தரம் சாப்பாடு வந்திருக்கு! காலில்லாமல் நடந்து வந்திருக்கு! இதைவிட என்ன ஆதாரம்?"

வேரோனிக்கா மீன்குழம்பை அவர் தட்டில் ஊற்றினார். "உங்கட தட்டுக்கு உது எப்பிடி வந்ததாம்?"

"பகிடியை விடும். பாஸ் பண்ண வேணும்."

"நான் சமைக்காத அண்டைக்குத்தான் நான் இருக்கிறதே உங்களுக்குத் தெரியிறது. அந்த ஆள் சமைக்காமல் விட்ட நாளைத் தேடுங்கோ."

கையைக்கூடக் கழுவாமல் தேடினார். இருநூற்றுப் பதினாலாம் பக்கம்: 'எங்கள் ஐசாக் நன்றியில்லாமல் ஓடிப்போனான். மூன்று நாள் கரிந்த மாவைத் தின்றோம்.'

"ஓடிட்டான்! வேரோனிக்கா, ஓடிட்டான்!"

"ஆரப்பா?"

"கோப்பி!"

அவர் துள்ளிய துள்ளில் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் கீழிருந்து கூரையை இடித்தார். அதன்பின் புத்தகமே வேறு. ஐசாக் போன பக்கத்திலிருந்து கப்டனுக்கு மழை கூடுகிறது, தளபதிகள் முட்டாள்களாகிறார்கள், போரின் நியாயத்திலேயே சந்தேகம் வருகிறது. ஒரு பெரும்படையால் செய்ய முடியாததை ஒரு சமையற்காரன் நடந்துபோய்ச் செய்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் திருத்தி எழுதிய கட்டுரையை வாசித்தார். குழம்புக் கறை பட்ட இடங்களை மூச்சுவிடாமல் கடந்தார்.

"ஐசாக் எங்கே போனார்?" என்று ஆசிரியை கேட்டார்.

"தெரியாது மிஸ். கப்டனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நாலு பக்கம் எழுதியிருப்பார், ஐசாக்கும் திரும்பவும் கோப்பி போட்டிருப்பான்."

வகுப்பு மேசையைத் தட்டியது. ஆசிரியை முதற்பக்கத்தில் சிவப்பு மையால் 81 என்று எழுதி நீட்டினார். நீக்கிலாஸ் அதை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார், உடனே எழும்பினார்.

"மிஸ், இது பாஸ்தானே?"

"பாஸ்தான்."

"அப்போ ஒருமுறை கத்தலாமா?"

"வெளியே போய்."

வெளியே போய்க் கத்தினார். தன்னை மறிக்கிறாராக்கும் என்று நினைத்த ட்ராம் சாரதி வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். நீக்கிலாஸ் ஏறியும் விட்டார். அது அவர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகிற ட்ராம்.