முரட்டுச் சீலைக்காரி வீடு

2007-ஆம் வருடம், ஆகஸ்ட் பதினைந்து. திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் அங்கேயே தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அன்றைக்குக் கம்பெனி லீவு. ஆவணியில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. நான் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன். அதற்குக் காரணம் மாப்பிள்ளை இல்லை. ஒரு பட்டுச்சேலை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. தாலி கட்டும் நேரத்தில் பட்டு கட்டக் கூடாது. கையால் நூற்ற நூலில் நெய்த சேலை, அதிலும் இருப்பதிலேயே முரடானதாகப் பார்த்து வாங்கி, வீட்டிலேயே மஞ்சளில் முக்கிக் காயவைத்து, அதைக் கட்டிக்கொண்டுதான் மணவறையில் உட்கார வேண்டும். நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்த குடும்பம். பட்டு நெய்கிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். இருந்தும் கல்யாணப் பெண்ணுக்கு இந்தச் சாக்குத் துணிதான். என் அக்கா கல்யாணத்தில் அவள் கழுத்து அரிக்க, சொறியவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பொண்ணுக்குச் சீலை எடுத்தாங்களா, கம்பெனியில பேல் சுத்தற கோணிய உருவிட்டு வந்துட்டாங்களா?" என்று பந்தியில் ஒருவர் கேட்டதும், இலைக்கு இலை சிரிப்பு பரவியதும் அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஏன் இப்படி என்று அப்பாவிடம் கேட்டால், "நம்மூட்டு மொறை, கண்ணு. அவ்வளவுதான்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் சொந்த ஊரில் எங்களுக்குப் பட்டப்பெயரே 'முரட்டுச் சீலைக்காரி வீடு'தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் மூக்குக்கு மேல் வரும். நான் யாரையாவது எதிர்த்துப் பேசினால், "முரட்டுச் சீலைக்காரி ஊட்டுப் புள்ளையாச்சே, அப்புடித்தான் பேசும்" என்பார்கள். அது துணியைச் சொல்கிறதா, குணத்தைச் சொல்கிறதா என்றே எனக்குத் தெரியாது. இது போதாதென்று, எங்கள் குடும்பத்தில் யாரோ ஒருத்தி ஜெயிலுக்குப் போனவள் என்று வேறு முணுமுணுப்பார்கள். திருட்டோ என்னமோ என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பேச்சு வந்தாலே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

எனக்குப் பேசி முடித்தவர்கள் ராயபுரத்துக்காரர்கள். பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பவர்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வழக்கத்தைக் கேட்ட நிமிடமே தலையை ஆட்டிவிட்டார். "முகூர்த்தத்துக்குப் பட்டுத்தானுங்க. வீடியோ எடுக்கறோம், துணி வாங்கற வெளிநாட்டுப் பையருங்கெல்லாம் வருவாங்க. அந்தச் சீலையெல்லாம் ஆகாதுங்க." அப்பா தரையைப் பார்த்தபடியே "சரிங்க" என்றார். கதவுக்குப் பின்னால் நான் குதிக்காத குறை. அவர்களே அரக்கு நிறத்தில், மயில் போட்ட பார்டரோடு பட்டு எடுத்துக் கொடுத்தார்கள். வேலையிலிருந்து வந்ததும் பீரோவைத் திறந்து அதை ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் நான் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

அன்றைக்குக் காலையில் அம்மா அரிசியும் பருப்பும் சாதம் செய்துகொண்டிருந்தாள். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் ஏதாவது படம் போடுவார்கள் என்று உட்கார்ந்தேன். அதில் ஒரு ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், நம் பக்கத்து ஊர்களில் சீமைத்துணிக் கடைகள் முன்னால் மறியல் செய்தவர்களைப் பற்றியது. மாற்றலாம் என்றால் ரிமோட் அப்பா கையில். பாடப் புத்தகத்தில் பார்த்த பெரிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. நான் கொட்டாவி விட்டேன்.

பிறகு மங்கலான ஒரு குரூப் போட்டோவைக் காட்டினார்கள். இரண்டாவது வரிசையில் சில பெண்கள். "இவர்களில் பலருடைய பெயர்கள் கிடைக்கவில்லை" என்றது பின்னணிக் குரல். அடுத்து, கொமரலிங்கத்துப் பக்கம் ஒரு கிழவர். பல் ஒன்று கூட இல்லை. அந்தப் போட்டோவைக் கையில் வாங்கி, ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இவங்க திருப்பூர்ப் பக்கமுங்க. கடை வாசல்ல குறுக்கால படுத்துக்குவாங்க. என்னத் தாண்டிப் போறவன் போங்கடாம்பாங்க. அடி உழுந்தாலும் எந்திரிக்க மாட்டாங்க. ஜெயிலுக்குப் போனாங்க. பேரு நெனப்பு வருல்லீங்க. நாங்கெல்லாம் முரட்டுச் சீலைக்காரின்னுதான் சொல்லுவமுங்க."

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். டிவியில் அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. அவர் அதையே பார்த்தபடி, "எங்கத்தை" என்றார். "எங்கத்தை அது, சாமி." சொல்லிவிட்டு, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் எத்தனையோ பேரை அதட்டிய மாஸ்டர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

அத்தனை வருடம் பூட்டி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கொட்டினார். அவள் அப்பாவின் அப்பாவுக்குத் தங்கை. சிறுவயதில் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மறியல் செய்து ஜெயிலுக்குப் போவதற்கு முன்பே அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விடுதலையாகி வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சேலையாக நைஸான சீமைத்துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தால், ஜெயிலுக்குப் போனதை மன்னித்து ஏற்றுக்கொள்கிறோம் என்றார்களாம். எந்தத் துணியை மறித்து அடி வாங்கினாளோ அந்தத் துணி! தான் நூற்ற முரட்டுச் சேலையைத்தான் கட்டுவேன் என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணம் நின்றுபோனது. கடைசிவரைக்கும் அவளுக்கு வேறு கல்யாணம் நடக்கவே இல்லை.

அவளுடைய அண்ணன், அதாவது என் அப்பாவின் அப்பா, இனி இந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தத் துணியில்தான் தாலி வாங்குவார்கள் என்று வைராக்கியமாகச் சொல்லிவிட்டார். ஆனால் நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் ஊர் வாய் அடங்கவில்லை. 'ஜெயிலுக்குப் போன வீடு' என்று என் அப்பாவின் அக்காமாருக்கு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போயிருக்கின்றன. அதனால் சேலையை வைத்துக்கொண்டு, கதையை மறைத்துவிட்டார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்தது வெறும் அரிப்பு மட்டும்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? எவ்வளவு பெரிய மனுஷி! அவளைப் போய் நான் திருடி என்று நினைத்திருக்கிறேன். பீரோவைத் திறந்து அந்தப் பட்டை எடுத்துக் கட்டிலில் போட்டேன். "எனக்கு இது வேண்டாம். நம்மூட்டுச் சீலையே கட்டிக்கிறேன்" என்றேன். அப்பா பதறிவிட்டார். "வேண்டாங் கண்ணு. அத்தை பட்டது போதும். நீ நல்லாருக்கோணும்." அம்மா ஒருபடி மேலே போய், பட்டை மடித்துப் பீரோவில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ராயபுரம் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதெல்லாம் எங்கள் பக்கம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். வாசலில் என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. ஆனாலும் "வாங்க கண்ணு" என்றார். எங்கள் ஊரில் சண்டையே ஆனாலும் 'ங்க' போட்டுத்தான் நடக்கும். ஹாலில் மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் டிவியில் பார்த்ததைச் சொன்னேன். அப்பா சொன்னதையும் சொன்னேன். முகூர்த்தத்துக்கு எங்கள் வீட்டுச் சேலை, சாயங்கால வரவேற்புக்கு நீங்கள் எடுத்த பட்டு என்று எனக்குத் தெரிந்த சமாதானத்தையும் சொன்னேன்.

தாய்மாமன் காலை ஆட்டிக்கொண்டே, "அப்ப ஊருல பேசிக்கிட்டது நெசந்தானா? உங்கூட்டுல ஒருத்தி ஜெயிலுக்குப் போனவளாமே?" என்றார்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாயை அடைத்த கேள்வி அது. நான் அவரை நேராகப் பார்த்தே சொன்னேன்.

"ஆமாங்க. ஜெயிலுக்குப் போனவங்கதானுங்க. போனவ இல்லீங்க, போனவங்க."

"அந்தக் கதையெல்லாம் சரி கண்ணு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாலு பேரு முன்னால எங்களுக்கும் ஒரு மரியாதை இருக்குதல்லங்க? பட்டுக் கட்டினாத்தான் கல்யாணம்."

"சீலை என்னுதுங்க, அதை நான் முடிவு பண்ணிட்டனுங்க. கல்யாணத்தை நீங்க முடிவு பண்ணிக்குங்க."

மாப்பிள்ளையைப் பார்த்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டுக்காரர்களோடு போனில் சரளமாகப் பேசுகிறவர். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். சரி, இவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். ஆனால் திரும்பிப் போகலாமா என்று ஒருமுறை கூடத் தோன்றவில்லை.

இரண்டு நாளில் ஆள் வந்து பட்டுச்சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். கல்யாணம் நின்றது. அம்மா என்னோடு பேசவில்லை. கம்பெனியில் 'சீலைக்காக மாப்பிள்ளையை விட்டவள்' என்று ஒரு லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். "அக்கா, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று பக்கத்து மெஷின் பெண் நேராகவே கேட்டாள். மதுரைப் பக்கத்துக்காரி, மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள். "அன்னைக்கு வெள்ளைக்காரன் துணியை மறிச்சாங்க. இன்னைக்கு நாம அவன் குழந்தைக்கு ஜட்டி தைக்கிறோம். நடுவுல எனக்குன்னு ஒரு சேலையாவது மிச்சமிருக்கட்டும்" என்றேன். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கட்டிங் பண்டிலை எடுத்து எண்ணத் தொடங்கினாள்.

பெயர் கிடைக்கவில்லை என்றார்களே, அதைச் சொல்லலாம் என்று அந்த டிவி ஆபீசுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண், "அந்த நிகழ்ச்சி முடிஞ்சுபோச்சும்மா" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அவங்க போடாட்டிப் போகட்டும்" என்றார்.

ஆனால் மனிதர் மாறிவிட்டார். அடுத்த வருடம் எனக்கு மறுபடியும் வரன் பார்க்க ஆரம்பித்தபோது, வருகிறவர்கள் உட்கார்ந்து காபி டம்ளரைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்துவிடுவார். "எங்கத்தை ஜெயிலுக்குப் போனவங்க. எங்கூட்டுக் கூறை முரட்டுச் சீலைதானுங்க. சம்மதம்னாக் காபி குடிங்க." இரண்டு குடும்பங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போயின. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவதாக வந்தவர் நிட்டிங் மெஷின் ஆபரேட்டர். அப்பா பேசி முடிக்கும்வரை நிதானமாகக் காபியைக் குடித்தார். பிறகு காலி டம்ளரை நீட்டி, "இன்னொரு டம்ளர் கெடைக்குங்களா?" என்றார். அவர்தான் என் வீட்டுக்காரர்.

பத்திரிகை அடிக்க அப்பாவோடு நானும் பிரஸ்ஸுக்குப் போயிருந்தேன். இறந்துபோன பெரியவர்கள் பெயர் போடும் இடத்தில் முதல் வரியாக அத்தையின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் 'சிறை சென்றவர்' என்று போடச் சொன்னார் அப்பா. பிரஸ்காரர் தயங்கினார். "நல்ல காரியத்துக்கு அந்த வார்த்தை எதுக்குங்க? தியாகின்னு போட்டர்லாங்களே?"

"வேண்டாமுங்க" என்றார் அப்பா. "ஜெயிலுன்னு சொல்லித்தான் எங்கள ஒதுக்கினாங்க. அதே வார்த்தை இருக்கட்டும். எல்லா ஊட்டுக்கும் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

சொன்னபடியே கொடுத்தார். முக்கியமாக, வரன் தட்டிப்போன வீடுகளைத் தேடித் தேடிப் போய்க் கொடுத்தார். மணவறையில் அந்த மஞ்சள் சேலை எனக்கும் பயங்கரமாகத்தான் அரித்தது. நான் அக்காவைப் போல் பொறுத்துக்கொள்ளவில்லை, வீடியோக்காரர் முன்னாலேயே நன்றாகச் சொறிந்துகொண்டேன். இன்றைக்கும் சொந்த ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் "முரட்டுச் சீலைக்காரி ஊட்டுப் பொண்ணா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. "ஆமாங்க" என்று நின்று, நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

இதில் வருகிற யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை, என் பெயரைக் கூட. ஆனால் கிடைக்கவில்லை என்று டிவியில் சொன்ன அந்தப் பெயரை மட்டும் எழுதாமல் விட எனக்கு மனமில்லை: அவர் பெயர் பழனியாத்தாள், சிறை சென்றவர்.