மருந்துன்னா எந்த மருந்து?

பார்சல் ஆபீஸ் கவுன்டர் வேலைங்கிறது வேற ஒண்ணுமில்லைங்க: மூடுன பெட்டியைப் பார்த்து "உள்ள என்ன இருக்கு?"ன்னு கேக்கணும், வர்ற பதிலை நம்பணும், அப்புறம் அதுக்கு நாமளே பதில் சொல்லணும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு பார்சல் ஆபீஸ்ல ஆறு வருசம் இந்தக் கேள்வியைக் கேட்டவ நான். கவுன்டர்ல உக்காந்து தொண்டை வத்துனவங்களுக்கு நான் சொல்றது புரியும். பெட்டி மேல ஒண்ணு எழுதி உள்ள ஒண்ணு வைக்கிறவங்க, தயவு பண்ணி கொஞ்சம் நிதானமா படிங்க.

நிக்க வச்ச பாட்டில்

"வூட்டு சாமான்தாம்மா"ன்னு சொல்லி ஒரு அம்மா பெட்டியைக் குடுத்தாங்க. மக அரியலூர்ல தனிக்குடித்தனம் போயிருக்காளாம். கேட்டேன், நம்பினேன், ரசீது போட்டேன். உள்ள இருந்தது கக்கூஸ் கழுவுற ஆசிட். அதுவும் ரெண்டு தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சது. அரியலூர் கிளையில பெட்டி இறக்குற ரவி அண்ணன், அடியில கையைக் குடுத்துத் தூக்கியிருக்காரு. கசிஞ்ச ஆசிட்ல உள்ளங்கைத் தோலு உரிஞ்சு போச்சு.

எங்க மேனேஜர் அன்னைக்கு சுவத்துல ஒட்டியிருக்கிற நோட்டீசை என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாரு. பட்டாசு, பெட்ரோல், கேஸ் அறவே கூடாது. ஆசிட், பினாயில், ஸ்பிரே மாதிரி வீட்டுல புழங்குறது கொஞ்சமா இருந்தா போகலாம். ஆனா கடையில வாங்குன சீல் பிரிச்சிருக்கக்கூடாது, வேற பாட்டில்ல ஊத்தியிருக்கக்கூடாது, என்னன்னு பெட்டி மேல எழுதியிருக்கணும். படிச்சு முடிச்சதும், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த நாற்காலி உங்களுக்கு இல்லம்மா"ன்னுட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு முதுகு போனதிலேருந்து அந்த நாற்காலியிலதான் எங்க குடும்பமே உக்காந்திருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அம்மாவைப் போன்ல கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். அவங்க அசரவே இல்லை.

"நான் நிக்க வச்சுல்ல குடுத்தேன், நீங்க எதுக்குப் படுக்க வச்சீங்க?"

நெருப்புப் படம்

அதுலேருந்து எந்தப் பெட்டி வந்தாலும் பிரிச்சுக் காட்டச் சொன்னேன். கியூவுல நிக்கிறவங்க முணுமுணுப்பாங்க, முணுமுணுக்கட்டும். ஒரு தம்பி தட்டு முழுக்க அலங்காரம் பண்ணி, கலர் பேப்பர் சுத்தி, ஒரு பெட்டி கொண்டு வந்தான். நிச்சயம் ஆன பொண்ணுக்கு அனுப்புறானாம். சோப்பு, பவுடர், வளையல், நடுவுல ரெண்டு சென்ட் ஸ்பிரே. சீல் பிரிக்கலை, நல்ல புள்ளை. "தீப்பிடிக்கிற சாமான், மேல ஸ்டிக்கர் ஒட்டணும்"னு சொல்லி எடுத்தேன். அந்தச் சிவப்பு நெருப்புப் படத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப் போச்சு.

"அக்கா, பொண்ணு வூட்டுக்குப் போற பெட்டியில நெருப்பை ஒட்டுனா கல்யாணம் நடக்குமாக்கா?"

பத்திரமா போகணும்

செட்டிகுளத்துலேருந்து ஒரு வெங்காய விவசாயி வந்தாரு. பேரு முத்துசாமி. கங்கைகொண்ட சோழபுரத்துல இருக்கிற அவரு அக்காவுக்குப் பார்சல், அரியலூர் கிளை வழியாத்தான் போகும். உள்ள என்னன்னு கேட்டேன். "மருந்துங்க"ன்னாரு. பிரிச்சேன். ஒரு புடவை, ஒரு பை வெங்காயம், நடுவுல இருமல் டானிக் பாட்டில். மூடியைச் சுத்தி டேப்பு, சுத்து மேல சுத்து.

டேப்பு இருந்தா சீல் பிரிச்சிருக்குன்னு அர்த்தம். எனக்குத் தெரியும். கண்ணால பார்த்தேன். ஆனா அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு, பின்னாடி எட்டுப் பேரு நிக்கிறாங்க, அதுவும் மருந்துன்னு சொல்றாரு. நோயாளிக்குப் போற மருந்தை எவ மறிப்பா? ரசீதுல என் கையாலயே "மருந்து"ன்னு எழுதினேன். அவரு கும்பிடாத குறையா சொல்லிட்டுப் போனாரு.

"ஒரு சொட்டு சிந்தாம போகணுங்க."

ஒரு சீட்டு

மறுநாள் பதினோரு மணிக்கு முத்துசாமி போன் பண்ணாரு. "ஏங்க, ஒரு சீட்டு எழுதி உள்ள போட மறந்துட்டேன். அக்கா போனை வூட்டுலயே வச்சுட்டு முந்திரிக்காட்டுக்குப் போயிருக்கும் போல, எடுக்கலை. அது கரையான் மருந்துங்க. கதவு நிலையை அரிக்குதுன்னு கேட்டுச்சு. எங்கிட்ட இருந்த கேன்லேருந்து டானிக் பாட்டில்ல ஊத்தி அனுப்புனேன்."

"அந்த வீட்டுல யாருக்காவது இருமல் இருக்கா?"ன்னு கேட்டேன். "மாமாவுக்கு ஒரு வாரமா இருமல்ங்க, ஏன்?"ன்னாரு. கேட்டு முடிக்கிறப்பவே அவருக்கும் புரிஞ்சுபோச்சு.

மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்காரு. அரியலூருக்குப் பேசுனா எல்லாத்தையும் சொல்லியாகணும். சொன்னா நாற்காலி போயிடும். பொய் சொல்லக்கூடாது, ஒரு நொடி யோசிச்சேன். அந்த ஒரு நொடிக்காக இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெக்கமா இருக்கு. அப்புறம் ஆபீஸே கேக்குற மாதிரி ரவி அண்ணனைக் கூப்பிட்டு, டேப்பைப் பார்த்தும் விட்டதைச் சொன்னேன். டெலிவரிக்காரர் காலையிலேயே கெளம்பிட்டாராம். வண்டி ஓட்டுறப்ப அவரு போனை எடுக்கிறதில்லையாம். அண்ணன் வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

"ஏம்மா, என் கை ஆறுறதுக்குள்ள அடுத்ததா?"

ரசீதுல இருக்கிறது

ரசீதுல இருந்த நம்பருக்கு விடாம அடிச்சேன். மணி போகுது, எடுக்கலை. திரும்ப அடிச்சேன். எடுக்கலை. முத்துசாமியும் அந்தப் பக்கம் அடிச்சிருக்காரு, நடுவுல லைன் பிஸி வேற. மேனேஜர் எழுந்து வந்து பக்கத்துல நின்னாரு. எத்தனாவது தடவைன்னு தெரியலை, எடுத்தாங்க. முதல்ல கேட்டது இருமல். அப்புறம்தான் "அலோ".

"பார்சல் வந்துச்சுங்களா?"

"இப்பதாம்மா வந்துச்சு. மச்சான் டானிக் அனுப்பிருக்காப்ல. மூடியைத் தொறக்க முடியலை, டேப்பா சுத்தி வச்சிருக்கான். அருவாமனையை எடுக்கத்தான் எந்திரிச்சேன், நீங்க அடிக்கிறீங்க."

"குடிக்காதீங்க!"ன்னு நான் போட்ட கூச்சல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "அது கரையானுக்கு ஊத்துறது, கீழ வைங்க, கையைக் கழுவுங்க"ன்னு அழுதுகிட்டே சொன்னேன். எந்த டேப்பைப் பார்த்து நான் மறிச்சிருக்கணுமோ, அந்த டேப்புதான் அவரைக் காப்பாத்தியிருக்கு. அவரு நிதானமா கேட்டாரு.

"மருந்துன்னுதானேம்மா உங்க ரசீதுலயும் எழுதிருக்கீங்க?"

மேனேஜர் நடந்ததை எழுதித் தரச் சொன்னாரு, டேப்பு உட்பட எழுதிக் குடுத்தேன். வேலை போகலை, நாற்காலி போச்சு. இப்ப அரியலூர்ல ரவி அண்ணன் பக்கத்துல நின்னு, மத்தவங்க ரசீது போட்ட பெட்டியையெல்லாம் என் கையாலயே இறக்குறேன்.

காய்ச்சல்னு படுத்தாக்கூட, எங்க வீட்டுக்காரர் கொண்டு வர்ற பாட்டில் மூடியைத் திருப்பிப் பார்த்து "எதுக்கு ஊத்துற மருந்து?"ன்னு கேட்டுட்டுத்தான் நான் இப்பல்லாம் வாயைத் தொறக்குறேன்.