மனு செல்லாத இடம்

புத்தூர் மண்டல ஆபீசுக்கு எதிரே டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுப்பவள் ஜெயகுமாரி. 'கனம் ஐயா அவர்களுக்கு' என்று தொடங்காமல் அவள் விரல்கள் நகரா.

அவள் கணவன் சாம் லாரி ஓட்டுபவன். குவைத்தில் டிரைவர் வேலை என்று அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார், ஆள் அனுப்பும் ஏஜெண்ட் எர்னஸ்ட். புறப்பட ஒரு வாரமே இருந்தது. கம்பெனி விலாசம் கேட்டால், "நம்ம சபைக்காரன்மேலயே சந்தேகமா?" என்பார்.

சாமும் அவர் பக்கமே பேசினான். "ஊரே போய்க்கினு கீது. நீ மட்டும் ஏம்மே நோண்டறே?"

"நோண்டாம புருசனை அனுப்பினவளுங்கதான் பூத்துல போனுக்குக் காத்துக்கினு நிக்கறாளுங்க."

கோபத்தோடு தணிகாசலத்தின் இன்டர்நெட் சென்டருக்குப் போனாள். தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் அடித்தாள்: கனம் ஐயா, என் கணவர் சேரவிருக்கும் கம்பெனி உண்மையானதா என்று தயவுசெய்து தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். வந்ததெல்லாம் மாதிரி விண்ணப்பங்கள்.

தணிகாசலம் சிரித்தான். "யக்கா, அது கலெக்டரு இல்ல. கும்பிடு போட்டா குழம்பிடும்."

கும்பிடுகளை அழித்தாள். கம்பெனி பெயரை மட்டும் அடித்தாள். அதே பெயரில் ஓட்டல், நகைக்கடை, பள்ளிக்கூடம் என்று ஆயிரம். ஆயிரம் பேருக்கு உள்ள பெயரால் ஒருத்தனைப் பிடிக்க முடியுமா? அவனுக்கு மட்டுமே உள்ளது எது? பஸ் ஸ்டாண்டு சுவரில் எர்னஸ்ட் ஒட்டிய போஸ்டரில் கம்பெனியின் போன் நம்பர் இருந்தது. போய்க் குறித்துக்கொண்டு வந்தாள்.

"நம்பருக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுக்கா. அச்சா அதே இருக்கற பக்கம்தான் வரும்" என்றான்.

மூன்றே பக்கங்கள் வந்தன. இரண்டு விளம்பரங்கள், சாமின் கம்பெனி அல்லாத வேறு இரண்டு பெயர்கள், அதே நம்பர். மூன்றாவதில் கடப்பாக்காரன் ஒருவன் எழுதியிருந்தான்: டிரைவர் என்று கூட்டிப்போய்ப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டார்கள், பாஸ்போர்ட்டைத் தரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாமை இழுத்துக்கொண்டு கோயில் வாசலில் எர்னஸ்டை மறித்தாள். ஜனங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஒரு நம்பருக்கு ஏன் மூணு கம்பெனி? கடப்பாக்காரனை ஆடு மேய்க்க அனுப்பினது எந்தக் கம்பெனி?"

எர்னஸ்ட் குரலைத் தாழ்த்தினார். "வாசல்ல வேணாம்மா. வீட்ல ஜெபம் பண்ணிட்டுப் பேசலாம்."

"ஜெபம் இப்பத்தான் முடிஞ்சிது. பாஸ்போர்ட்டைக் குடுங்க."

செருப்பு மாட்டியவர்கள் யாரும் நகரவில்லை. எர்னஸ்ட் அவர்களைப் பார்த்தார். பிறகு தன் தோல் பையைத் திறந்தார்.

சாம்தான் முதலில் கையை நீட்டினான்.