கயிறு மட்டும் கதை

அவர் எனக்கு முதலில் ஒரு குரலாகத்தான் அறிமுகமானார். படிப்பு முடிந்து நான் முதல் வேலையில் சேர்ந்த அன்று அலுவலக லிஃப்ட் பாதியில் நின்றுவிட, கூரைக்கு மேலிருந்து, "பயப்படாதீங்க தம்பி, பயப்படறதுக்குன்னே மேல நான் ஒருத்தன் இருக்கேன்" என்றது அந்தக் குரல். வெளியே வந்ததும் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து நீட்டினார். அவரே எழுதி, அவரே அச்சடித்தது.

லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில், சாப்பிட்ட கையோடு செல்போனில் எழுதப் பழகியவர். இறுக்கிய நட்டு இறுக்கியபடியே கிடக்கும் உலகத்தில், எழுத்தில் மட்டும் செத்தவனை எழுப்பலாம், சண்டைக்காரியைச் சிரிக்க வைக்கலாம். அந்த ருசி விடவில்லை. தலைப்புக்காக அவர் தவித்த தவிப்பைப் பார்த்து மனைவி, "நம்ம பொண்ணுக்குப் பேரு வைக்கக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல" என்றார்.

கதையில் ஒரு குடியிருப்பின் லிஃப்ட் கயிறு அறுந்து மெக்கானிக் சாகிறான். உயிரோட்டம் வேண்டுமே என்று, தான் பராமரிக்கும் குடியிருப்பின் லிஃப்டை அப்படியே எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? அங்கேயே வீட்டுக்கு வீடு புத்தகமும் கொடுத்தார். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதைதான். ஒரே வாரத்தில் குடியிருப்பே படியேறத் தொடங்கியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், அது வெறும் கதைங்க."

"கண்ணாடி விரிசல் எங்களுது, ரெண்டு தடவை அமுக்க வேண்டிய நாலாம் நம்பர் பொத்தான் எங்களுது, கயிறு மட்டும் கதையா?"

மூச்சு வாங்கப் படியேறி வந்த மாமி ஒருவர், "உள்ளது தெரியாம இப்படி எழுத முடியுமாப்பா?" என்றார். அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. வேறு எந்த வாசகர் இப்படி நம்புவார்? அதற்குள் செயலாளர் குறுக்கிட்டார்.

"உங்க கம்பெனிக்குப் புகார் எழுதி வச்சாச்சு. நீங்களே லிஃப்ட் மேல நின்னு ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா அனுப்பிடுவோம்."

புகார் போனால் வேலை போகும். லிஃப்டின் கூரைமேல் ஏறினார். ஒரு கயிறு அறுந்தாலும் மற்றவை தாங்கும், எல்லாம் அறுந்தாலும் அடியிலுள்ள பிடி, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைக் கவ்வும். தெரியும். ஆனால் அத்தனை காவலும் ஒவ்வொன்றாய்க் கைவிடுவதற்கு நம்பும்படியான காரணங்களை ராப்பகலாய் யோசித்து எழுதியவரும் அவரேதான். மாடிக்கு ஒன்றாக அவை நினைவுக்கு வந்தன.

நடுவழியில் மின்சாரம் போயிற்று. இருட்டு. மேலே யாரோ, "ஐயோ, போச்சு!" என்று அலறினார்கள். கயிறுகள் மெல்ல முனகின. கைக்கு எட்டிய கம்பியை இறுகப் பற்றினார். அந்த நேரத்திலும் மனசு, 'இந்த முனகலை எழுதாம விட்டுட்டோமே' என்று அடித்துக்கொண்டது.

மின்சாரம் வந்தது. உச்சி மாடியில் லிஃப்ட் நல்லபடியாக நின்றது. பிடித்த கம்பியிலிருந்து அவர் விரல்கள்தான் பிரியவில்லை. காவலாளி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

செயலாளர் அந்த விரல்களையே பார்த்தார். "பராமரிக்கறவரே நடுங்கறாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

புகார் போனது. சோதித்த கம்பெனி, லிஃப்டில் குறையில்லை என்றது. ஆளை மட்டும் மாற்றியது.

இப்போது அவர் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்க்கிறார். இரண்டாவது நாவலைப் பாதி எழுதியிருக்கிறார்.